சின்னத் தலைப் பாம்பு

இன்றைக்கு நினைத்தாலும் ஆத்திரமாக வருகிறது.

எங்கள் அண்ணன் தூத்துக்குடியில் விசைப்படகில் மீன்பிடிக்கப் போய்க்கொண்டிருந்தான். இறால் வலையைப் படகின் மேல்தட்டில் கொட்டினால் நாலைந்து கடல்பாம்பாவது நெளியும். பெரிய தலைப் பாம்பென்றால் கம்பால் தள்ளுவார்கள். சின்னத் தலை என்றால் வெறுங்கையால் தூக்கி எறிவார்கள். அதுதான் அங்கே வழக்கம். "அந்த வாயில ஒரு நெத்திலி நுழையாதுளா, அது எங்கன கடிக்கப்போவுது?" என்பார் என்னிடம், படகை ஓட்டிய மாமா. பெரிய அறிவாளி!

நான் அப்போது கல்லூரியில் விலங்கியல் படித்தேன். சின்னத் தலைப் பாம்புக்குத் தலையும் கழுத்தும் விரல் கனம்தான். பின்பாதி மட்டும் நல்ல பருமன். மணலுக்குள் விலாங்கு ஒளிந்திருக்கும் பொந்தில் தலையை விட்டுப் பிடிக்கத்தான் அந்த உடம்பு. ஒல்லி விலாங்கை விழுங்கச் சின்ன வாய் போதும். விஷத்தில் ஒரு குறைச்சலும் கிடையாது. படித்துப் படித்துச் சொன்னேன். அண்ணன் சிரித்தான். அதோடு நிறுத்தினேனா? வயிற்றை அறுத்துப் பார்க்க ஒன்று கொண்டுவா என்றும் கேட்டேன்.

ஒரு சாயங்காலம் வாளியில் கொண்டுவந்தான். அம்மா கோயிலுக்குப் போயிருந்தாள்.

"ஏளா, இந்தா ஒன் பாம்பு. காலையில பெருவிரலக் கவ்விட்டு. எறும்பு கடிச்ச வலிகூட இல்ல. ஒடம்புதான் அடிச்சுப் போட்டாப்புல இருக்கு."

வீக்கமில்லை. இரண்டே புள்ளிகள். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு என்று கத்தினேன். கூட வந்த மாமா, "படிச்ச திமிரு! பயலுக்கு அசதி. சோத்தப் போடு" என்றார். சோற்றைப் போட்டேன். அண்ணனால் வாயைத் திறக்க முடியவில்லை. தாடை இறுகிவிட்டது. அதற்கப்புறம்தான் ஆட்டோவுக்கு ஓடினார்கள். மறுநாள் மூத்திரம் காப்பி நிறத்தில் போனது. மூன்றாம் நாள் அண்ணன் போய்விட்டான்.

துட்டி வீட்டில் மாமா தன் தொடையைத் தொட்டுக் காட்டி, "இந்தத் தண்டிப் பாம்பு!" என்று அழுதார். எல்லோரும் நம்பினார்கள். அம்மாவும் நம்பினாள். அவர் சட்டையைப் பிடித்து உலுக்கி, பொய், கடித்தது சின்னத் தலைதான் என்று கத்தியிருக்க வேண்டும். கத்தினால், அந்தப் பாம்பை யார் கேட்டது என்பதும் வெளியே வரும். வாளியை யாருக்கும் தெரியாமல் நானே கடலில் கவிழ்த்திருந்தேன். வாயை மூடிக்கொண்டு அழுதேன்.

அடுத்த வாரம் அந்தப் படகு திரும்பக் கடலுக்குப் போனது. சின்னத் தலைப் பாம்பை அப்போதும் வெறுங்கையால்தான் எடுத்தார்கள். மாமாவைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?