குணலட்சுமியின் வேலியில் என் பெயர்

கரவெட்டியில் பாசி மாஸ்டர் வீடு எது என்று கேட்டால் யாரும் கை காட்டுவார்கள். நான் அவருடைய மனைவி மகாதேவி. புருஷன் பெயரை வாயால் சொல்வது எங்களிடையே வழக்கமில்லை. எழுதினால் குற்றமில்லை என்று நினைக்கிறேன்: ஆழ்வாப்பிள்ளை, தாவரவியல் பட்டதாரி. பல்கலைக்கழக வளாகத்து ஆண்டு மலருக்கு அவருடைய வாழ்க்கையைப் பற்றி எழுதித் தரும்படி கேட்டிருக்கிறார்கள். வெறும் புகழ்ச்சியாய் எழுதுவேன் என்று எதிர்பார்த்திருந்தால் அது அவர்கள் பிழை. குணலட்சுமியை விட்டுவிட்டு அவர் கதையைச் சொல்ல முடியாது. அவளை நினைத்தாலே எனக்கு இப்போதும் வயிறு எரிகிறது.

குணலட்சுமி என் சின்னம்மாவின் மகள், அடுத்த வளவுக்காரி. சின்ன வயதில் எனக்குச் சீத்தைப் பாவாடை என்றால் அவளுக்குப் பட்டுப் பாவாடை. பள்ளிக்கூட நாடகத்தில் அவள் இளவரசி, நான் சாமரம் வீசும் தோழி. நிறமும் அவளுக்குத்தான். படித்த மாப்பிள்ளை மட்டும் எனக்கு வாய்த்தார். அவளுக்குக் கிடைத்த சீவரத்தினம் புகையிலைத் தோட்டக்காரன். அந்த ஒன்றிலாவது வென்றுவிட்டேன் என்று கொஞ்சக் காலம் நிம்மதியாய் இருந்தேன்.

இவர் அப்போது கண்டிப் பக்கம் ஓர் அரசாங்க ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்த்தார். ஐம்பத்தாறில் மொழிச் சட்டம் வந்தது. சிங்களச் சோதனை எழுதினால்தான் இனிப் பதவி உயர்வு என்றார்கள். "எழுதமாட்டன்" என்று சொல்லிவிட்டு, ஒரு பூதக்கண்ணாடியும் ஒரு பெட்டி புத்தகமுமாய் ஊருக்கு வந்து பள்ளிக்கூடத்தில் வாத்தியாரானார்.

ஆராய்ச்சிக்கூடத்தில் அவர் ஆராய்ந்தது இலைக்கன். மரப்பட்டையிலும் கல்லிலும் சாம்பல் நிறத்தில் தேமல் மாதிரிப் படர்ந்திருக்குமே, அதுதான். பார்த்தால் ஒன்று போலிருக்கும், உள்ளே பூஞ்சணமும் பாசியும் சேர்ந்து குடும்பம் நடத்துகின்றனவாம். ஒன்று வீடு கொடுக்க மற்றது சாப்பாடு போடுமாம். இதைக் கலியாணமான புதிதில் ஆசையாய்ச் சொன்னார். "அதுகளாவது ஒற்றுமையாய் இருக்கட்டும்" என்றேன்.

ஆராய்ச்சிக்கூடம் இல்லாத மனிசனுக்கு வேலிதான் ஆராய்ச்சிக்கூடம். எங்கள் வளவுக்கும் குணலட்சுமி வளவுக்கும் இடையிலே வேலிக்கு நட்ட பூவரசங் கதியால்கள் வேர்விட்டு நின்றன. அந்த வேலி அவளுடைய பங்கு. இவர் கதியால் கதியாலாய்ச் சிவப்புப் பெயின்ற்றால் புள்ளி வைத்தார். அடிமட்டம் பிடித்து அளந்தார். எண்ணெய்க் கடதாசியை ஒட்டிப் படம் கீறினார். எல்லை வேலியில் ஒருவன் அளந்து புள்ளி வைத்தால் எங்கள் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான். மூன்றாம் நாள் சீவரத்தினம் ஊர்த் தலைமைக்காரரான விதானையார் முத்துக்குமாருவைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிட்டான்.

"மாஸ்டர் அண்ணை, வேலி எங்கடை பங்கு. காணி உறுதியிலை இருக்கு. நீங்கள் என்னத்துக்கு அளக்கிறியள்?"

"நான் காணியை அளக்கேல்லை. உதைத்தான் அளக்கிறன்" என்று பட்டையைக் காட்டினார் இவர்.

விதானையார் குனிந்து பார்த்தார். "உந்தத் தேமலையோ?"

"ஓம். வருசத்துக்கு எவ்வளவு வளருதெண்டு பாக்கிறன்."

"எவ்வளவு வளரும்?"

"ஒரு நெல்லுமணி அகலம் வளந்தால் பெரிய காரியம்."

விதானையார் சீவரத்தினத்தின் பக்கம் திரும்பினார். "இந்த நெல்லுமணிக்கோ என்னை வெயிலுக்குள்ளை கூட்டிக்கொண்டு வந்தனீர்?"

அத்தோடு முடிந்திருக்க வேண்டிய விஷயம். குணலட்சுமி அடுக்களையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "அந்தக் கண்ணாடியை ஒருக்காத் தாங்கோ அத்தான்" என்று வாங்கி, பட்டையோடு முகத்தை வைத்துப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே நின்றாள்.

"இதுக்குள்ளை குட்டிக் குட்டிக் கிண்ணம் அடுக்கி வைச்ச மாதிரி இருக்கு. அக்கா, நீ பாத்தனியே?"

"எனக்கு உலை கொதிக்குது" என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். இவர் என்னையும் எத்தனையோ தரம் கூப்பிட்டவர்தான், "நீர் ஒருக்கா வந்து பாருமன்" என்று. பிள்ளைகளைக் குளிப்பாட்டி, சமைத்து, வீடு கூட்டுகிறவளுக்குத் தேமல் பார்க்க நேரம் எங்கே? அவளுக்கு மட்டும் நேரம் இருந்தது.

எங்கள் பக்கத்தில் வருடா வருடம் வேலி அடைப்பார்கள். கொப்புகளைத் தறித்து, பட்ட கதியாலைப் பிடுங்கிப் புதிது நட்டு, ஓலை கட்டுவார்கள். குணலட்சுமி அந்தப் பூவரசுகளில் கத்தி வைக்கக்கூடாது என்று கூலியாட்களிடம் சொல்லிவிட்டாள். கதியால்கள் தடித்து மரமாயின. அவரும் காலையில் தன் கண்ணாடியோடு அவள் வளவுக்குள் போய் நின்றார். வெளிச்சம் அந்தப் பக்கம்தான் நன்றாய் விழுகிறதாம். அவள் தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தாள். எனக்கு அவர்மேல் சந்தேகம் கிடையாது. அப்படி ஏதும் இருந்திருந்தால் ஒருநாள் தலைமயிரைப் பிடித்துச் சண்டை போட்டு முடித்திருப்பேன். அவள் கேள்வி கேட்டாள், அவர் பதில் சொன்னார். வீட்டில் உப்பில்லை, புளியில்லை என்று மட்டும் கதைக்கிற மனிசன் அங்கே வாய் ஓயாமல் கதைத்தார். புகையிலைக்காரன் பெண்சாதி லத்தீன் பெயர் சொல்லிக்கொண்டு திரிந்தாள். அது எனக்குப் பொறுக்கவில்லை.

யாழ்ப்பாணத்தில் வளாகம் திறந்தபோது வருகை விரிவுரையாளராய் இவரையும் எடுத்தார்கள். வெளிநாட்டுச் சஞ்சிகைகளில் இவருடைய கட்டுரைகள் வந்தன. எழுபதுகளின் கடைசியில், அந்த வேலியிலிருந்து எடுத்த ஒரு மஞ்சள் விளிம்பு இலைக்கன் எந்தப் புத்தகத்தோடும் ஒத்துவரவில்லை என்று சுவீடனுக்கு அனுப்பினார். அங்கேயுள்ள பேராசிரியர் நெடுநாள் பார்த்து, இது உலகத்துக்கே புதிது, நீங்களே பெயர் சொல்லுங்கள் என்று எழுதினார். பருத்தித்துறையிலிருந்து மருதனார்மடம் வரை பஸ்ஸில் போய் வேலி வேலியாய்த் தேடினார் இவர். வேறெங்கும் இல்லை. மற்ற வேலிகளில் வெட்டாத கிழட்டுப் பூவரசு இருந்தால்தானே.

"ஆரின்ரை பேர் வைக்கப்போறியள்?" என்று கேட்டேன்.

"கண்டுபிடிச்சவன் தன்ரை பேரை வைக்கிறேல்லை. உதவி செய்த ஆக்களின்ரை பேர் வைக்கிறது வழக்கம்." கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "குணலட்சுமி இல்லாட்டி இது இல்லை" என்றார்.

கையிலிருந்த அகப்பையைக் கீழே வைத்தேன். "வேலி காத்தவளுக்குப் பேரோ? உங்களைக் காத்தவளுக்கு என்ன? அவளின்ரை பேரை வைச்சால் நான் அண்ணை வீட்டை போறன், பிறகு அவள் வீட்டிலையே சாப்பிடுங்கோ."

அவர் என் பெயரையே எழுதி அனுப்பினார். பெண் பெயரென்றால் லத்தீனில் கடைசியில் ஏகாரம் சேர்ப்பார்களாம். மகாதேவியே என்று அச்சில் வந்தது. நான் கேட்டதில் என்ன பிழை? வாழ்க்கையில் ஒருதரம் இளவரசி வேஷம் கேட்டேன்.

சஞ்சிகை வந்த அன்றே அதைக் கொண்டுபோய்க் குணலட்சுமிக்குக் காட்டினேன். ஏன் காட்டக்கூடாது? அவள் அந்தப் பக்கத்தை நெடுநேரம் பார்த்தாள். "நல்லது அக்கா" என்றாள். எனக்கும் தேத்தண்ணி தந்தாள். அவ்வளவு ருசியான தேத்தண்ணியை நான் குடித்ததே இல்லை.

அடுத்த கிழமை இவர் வளாகத்துக்குப் போயிருந்த நேரம் கோடரிச் சத்தம் கேட்டது. பின்னேரம் இவர் பஸ்ஸால் இறங்கி வரும்போது வேலியே இல்லை. அத்திவாரத்துக்கு நூல் கட்டியிருந்தார்கள். பூவரசுகள் கொத்துப்பட்டு அவளுடைய விறகுக் குவியலில் கிடந்தன.

"மகன் சவுதியாலை காசு அனுப்பினவன் அத்தான், மதில் கட்டச் சொல்லி. இப்ப எல்லாரும் கட்டினம்தானே" என்றாள் அவள், அவருடைய முகத்தைப் பாராமல்.

"எரிச்சலிலை வெட்டினனி" என்று நான் கத்தினேன்.

"என்ரை வேலி, நான் வெட்டினன். உன்ரை பேர் கிடக்கிறதைப் பொறுக்கிக்கொண்டு போ."

இவர் விறகுக்குள் குந்தியிருந்து, மஞ்சள் விளிம்பு உள்ள துண்டுகளை ஒவ்வொன்றாய்ப் பொறுக்கினார். எங்கள் கிணற்றடி நிழலில் சாத்தி வைத்துக் காலையும் மாலையும் தண்ணீர் தெளித்தார். மதில் எழும்பி முடிவதற்குள் பட்டை கழன்றது, இலைக்கன் வெளிறித் தூளாய் உதிர்ந்தது. மறுபடி ஊரூராய்த் தேடினார். கிடைக்கவில்லை. சுவீடனில் ஓர் அலுமாரிக்குள் காய்ந்த துண்டொன்று என் பெயரோடு இருக்கிறது.

ஒருநாள் மத்தியானம் சோறு போட்டுக்கொண்டிருந்தேன். அவர் மதிலைப் பார்த்தபடி சாப்பிட்டார்.

"குணலட்சுமியின்ரை பேரை வைச்சிருந்தால் வேலி நிண்டிருக்கும்" என்றார்.

கோபமாய்ச் சொல்லியிருந்தால் நானும் நாலு சொல் திருப்பிச் சொல்லியிருப்பேன். வகுப்பில் பாடம் சொல்வதுபோலச் சொன்னார். சொல்லிவிட்டுக் கை கழுவ எழுந்து போனார்.