புல்வெளி நகரத்துக்காக இட்ட பொங்கல்

அமெரிக்காவில் கோதுமை வயல்களுக்கு நடுவே இருக்கும் ஒரு சிறு நகரத்தின் வரலாறு எனக்குத் தெரியும். நான் அங்கே போனதில்லை. திருமணமாகிப் போன அக்கா ஞாயிற்றுக்கிழமைதோறும் தொலைபேசியில் சொன்னதுதான்.

பூர்வகுடிகள் வேட்டையாடித் திரிந்த புல்வெளி அது. அவர்களை விரட்டிய பின் வந்த ரயில் கம்பெனிக்காரர்கள், ஒருவரும் குடியேறும் முன்பே, வெறும் புல்லின்மேல் தெருக்களைக் கோடிட்டு மனைகளை விற்றார்கள். குதிரைகள் பூட்டிய பாரவண்டி ஒரே வீச்சில் திரும்பும்படி அகலமான தெருக்கள். தண்டவாளத்தை ஒட்டிய தானியக் கிடங்கு தேவாலயக் கோபுரத்தையும்விட உயரம். பிறகு லாரிகள் வந்தன. ரயில் அங்கே நிற்பதை விட்டுவிட்டது. கடைத்தெருவில் பாதி இப்போது பூட்டிக் கிடக்கிறது.

அவ்வூரார் எதிரே வரும் எந்த வண்டிக்கும் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கி வணக்கம் சொல்வார்கள். புதிதாகக் குடிவந்த வீட்டுக்கு உணவு கொண்டுவருவார்கள். பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனால் வாசலோடு அனுப்பிவிடுவார்கள்.

“நல்லா சிரிப்பாவ மக்கா. ஆனா உள்ள கூப்பிட மாட்டாவ” என்பாள் அக்கா.

ஊரின் எல்லையில் பழைய கல்லூரி ஒன்று. “எம்.ஏ. முடிச்சிட்டு வா. மேல்படிப்ப இங்க படி. வீட்லேருந்து நடந்தே போயிரலாம்.” அக்கா சொன்னதை நம்பி, நாகர்கோவிலில் கிடைத்த பி.எட். இடத்தை வேண்டாமென்றேன். இணையத்தில் தேடிப் பார்ப்பது அக்காவைச் சந்தேகிப்பதாகும் என்று தோன்றியதால், தேடவுமில்லை.

மாசிக் கொடைத் திருவிழாவுக்கு அவள் ஊருக்கு வந்தாள். என் பயணம் கூடிவர வேண்டுமென்று மண்டைக்காட்டு அம்மனுக்குப் பொங்கலிட நேர்ந்திருந்தேன். இருவரும் போனோம். கோயிலருகே மணலில் கல் கூட்டி அடுப்பு மூட்டினோம். பக்கத்து அடுப்பில் அக்காவின் பள்ளித்தோழி.

நான் தண்ணீர் எடுத்துத் திரும்பியபோது தோழி கேட்டுக்கொண்டிருந்தாள்: “ஏட்டி, உனக்க ஊரு காலேஜில எனக்க நாத்தனார் மவளயும் சேக்க முடியுமா? உனக்கும் ஊர்க்கத பேச ஒரு ஆளாச்சு.”

“அந்தக் காலேஜா? அத பூட்டி ரெண்டு வருசமாச்சே. படிக்க பிள்ளையளு இல்ல. பாவம், அவள வேற எடம் பாக்கச் சொல்லு.”

தோழியிடம் பொய் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. பொய் எனக்கு மட்டும்தான்.

குடத்தை இறக்கி வைத்தேன். அக்கா திரும்பிப் பார்த்தாள்.

“எங்கிட்ட ஏன் சொல்லல்ல?”

“நீ வருவேண்ணு நெனச்சதாலதான் எனக்கு அங்க இருக்க முடிஞ்சுது.”

“நான் பி.எட். விட்டது உனக்குத் தெரியும்லா?”

“தெரியும்” என்றாள். அடுப்புக்குள் ஓலையைத் தள்ளினாள்.

கல்லூரி மூடப்பட்டதுகூட அந்நகரத்தின் வரலாறுதான். ரயில் வந்ததையும் நின்றதையும் அத்தனை பொறுமையாகச் சொன்னவள், அதை மட்டும் எடுத்து ஒளித்து வைத்திருந்தாள்.

பானை பொங்கியது. சுற்றியிருந்த பெண்கள் குரவையிட்டார்கள், அக்காவும் இட்டாள். நேர்ந்தவள்தான் பானையை இறக்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். இறக்கினேன். பிறகு கோயிலுக்குள் போய் அம்மன் முன் நின்று, எதற்காக நேர்ந்தேன் என்பதை மனத்துக்குள் சொல்ல வேண்டும். சொல்வதற்கு எதுவும் இருக்கவில்லை. பின்னால் நின்றவர்கள் தள்ள, வெளியே வந்தேன்.

திரும்பும் பேருந்தில் அக்கா முந்திக்கொண்டு ஏறி, ஜன்னலோர இருக்கையில் துண்டைப் போட்டு எனக்கு இடம் பிடித்திருந்தாள். நான் பின்படிக்கட்டருகே போய்க் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டேன்.