அழகம்மாள் காலேஜ் விசாரித்த கதை

பெண் கொடுக்குமுன் மாப்பிள்ளை வீட்டைப் பற்றி அக்கம்பக்கத்தில் நாலு பேரிடம் விசாரிப்பது அன்னவாசல் பக்கத்து வழக்கம். காலேஜையும் அப்படி விசாரிக்க வேண்டும் என்று தோன்றியது அழகம்மாள் ஒருத்திக்குத்தான்.

1960-இல் அவள் மகள் அமராவதி எஸ்.எஸ்.எல்.சி. தேறினாள். தேறினாளே தவிர மார்க்கு சொல்லிக்கொள்ளும்படி இல்லை. இங்கிலீஷில் தட்டுத்தடுமாறிக் கரையேறியிருந்தாள். அவள் அப்பா ஆண்டியப்பன் கடலை விற்ற பணத்தை எடுத்து வைத்து, "காலேஜுல ஒரு வருச பி.யு.சி. படிப்புக்குத்தான் காணும். பெயிலானா கல்யாணந்தான், பொன்னமராவதியில மாப்பிள்ளை வீட்டுக்காரங்க கேட்டுக்கிட்டு இருக்காங்க" என்று கறாராகச் சொல்லிவிட்டார். வானம் பார்த்த பூமியை வைத்துக்கொண்டு அவர் வேறென்ன சொல்வார்?

எழுதப் படிக்கத் தெரியாத அழகம்மாள் மகளைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினாள். முதலில் திருச்சி, ஊரே மெச்சும் பெரிய காலேஜ். அமராவதி கட்டடத்தைப் பார்த்து வாயைப் பிளந்தாள். அழகம்மாளோ வாசலில் வெள்ளரிக்காய் விற்றவள் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டாள்.

"ஏங்க, இங்கிட்டு பெயிலாப் போற பிள்ளைகள என்ன செய்வாங்க?"

அமராவதிக்கு மானம் போயிற்று.

"என்ன செய்வாங்க? பெட்டியத் தூக்கிக்கிட்டு அழுதுக்கிட்டே ஊருக்குப் போகும். பாக்கச் சகிக்காது" என்றாள் வெள்ளரிக்காய்க்காரி.

அடுத்தது தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு சின்ன காலேஜ். ஓட்டுக் கட்டடம். விடுதிக்குப் பின்னால் பாத்திரம் தேய்த்தவளிடமும் அதே கேள்விதான்.

"வார்டனம்மா வீட்டோட இருக்க விடாதுங்க. திரும்ப வரச்சொல்லி, இங்கேயே வச்சுச் சோறு போட்டு, சொல்லிக்குடுத்து, விட்ட பாடத்துக்குச் செப்டம்பர் பரிச்சை எழுத வச்சுத்தான் அனுப்பும்."

"அதுக்குத் தனியாப் பணம் கேப்பாங்களா?"

"பரிச்சைக்குக் கட்டுனாப் போதும். மத்தது அந்தம்மா பாத்துக்கிரும்."

இரண்டு காலேஜுக்கும் விண்ணப்பம் போட்டார்கள். பெண்பிள்ளைகள் அதிகம் வராத காலம், இரண்டிலும் இடம் கிடைத்தது. எல்லோரும் திருச்சி என்றார்கள். அழகம்மாள் அசைந்து கொடுக்கவில்லை; அந்த ஓட்டுக் கட்டடக் காலேஜில்தான் சேர்ப்பேன் என்று நின்றாள்.

"நான் பெயிலாயிருவேன்னு முடிவே கட்டிட்டியா ஆத்தா?" அமராவதி அழுதே விட்டாள்.

"கெணத்துல தூர் வார எறங்குறவனுக்கு இடுப்புல கயிறு கட்டுறோம். விழுந்துருவான்னு நெனச்சா கட்டுறோம்?"

மறுவருஷம் ரிசல்ட் வந்த பேப்பரில் அமராவதியின் நம்பர் இல்லை. இங்கிலீஷ் காலை வாரிவிட்டது. ஆண்டியப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "பொன்னமராவதி மாப்பிள்ளை வீட்டுக்குச் சொல்லி அனுப்புறேன்" என்றார். அமராவதி சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தாள்.

அழகம்மாள் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. பரணிலிருந்து தகரப்பெட்டியை இறக்கித் தூசி தட்டினாள்.

"எந்திரி தாயி. தஞ்சாவூர் பஸ்ஸுக்கு நேரமாச்சு."

"பணத்துக்கு எங்கிட்டுப் போறது?" என்று சீறினார் ஆண்டியப்பன்.

"பரிச்சைக்கு மட்டும் கட்டுங்க. மத்தது கேக்க மாட்டாங்க. போன வருசமே விசாரிச்சாச்சு."

எப்பேர்ப்பட்ட பெண்பிள்ளை! மனுஷர் பரீட்சைப் பணத்தை எண்ணி அவள் கையில் கொடுத்தார்.

செப்டம்பர் பரீட்சையில் அமராவதி தேறினாள். பேப்பரை மடியில் கட்டிக்கொண்டு ஆண்டியப்பனே பொன்னமராவதிக்குப் போய், பிள்ளை இன்னும் படிக்கவேண்டியிருக்கிறது, நீங்கள் வேறு இடம் பாருங்கள் என்று சொல்லிவிட்டு வந்தார். வந்தவர் மனைவியிடம் மெதுவாகக் கேட்டார்.

"அத்தனை பெரிய காலேஜ விட்டுட்டு, இதுக்குத்தான் அங்கன சேத்தியா?"

"பின்ன? பாஸாகுற பிள்ளைக்கு எந்தக் காலேஜா இருந்தா என்னங்க?"