அடிதட்டிய போல்ட்

பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவளுக்கு இப்போது அந்த மோட்டார் வீடுதான் விலாசம். ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் அடுப்பு, அடுப்புக்குப் பின்னால் கட்டில், கட்டிலில் நுரையீரல் கெட்டுப்போன கணவன். அவன் தலைமாட்டில் ஆக்சிஜன் இயந்திரம். அதை ஓட்டுவது கட்டிலுக்கு அடியில் இருக்கும் பேட்டரி. அவளுக்கு அவன் வைத்த பெயர் 'முறுக்கி'. அவள் மூடிய பாட்டிலை வேறு எவராலும் திறக்க முடியாது.

மலைப்பாதையில் பாதி ஏறியபோது ஆக்சிஜன் இயந்திரம் கத்திவிட்டு நின்றது. வண்டி குலுங்கியதும் ஓடியது, மறுபடி நின்றது.

"அண்ணி, நிறுத்துங்க! அண்ணனுக்கு உதடு நீலம் பாயுது!" கூட வந்த நாத்தனாரின் குரல் உடைந்தது.

ஓரங்கட்டிவிட்டுப் பின்னால் ஓடினாள். கட்டில் பலகையைத் தூக்கியதும் பிளாஸ்டிக் கருகும் நாற்றம். பேட்டரியில் போல்ட் போட்டுப் பூட்டியிருந்த பாசிட்டிவ் கம்பியின் வளையமுனை தொட முடியாமல் சுட்டது. தளர்ந்த இணைப்புதான் இப்படிச் சுடும். ஆனால் போன வாரம்தான் துருப்பிடித்த போல்டை மாற்றிப் புதிதாக ஒன்றைப் போட்டு, பல்லைக் கடித்து முறுக்கியிருந்தாள்.

"மெஷினை நிறுத்து. சின்ன ஆக்சிஜன் சிலிண்டரை மாட்டு."

"விட்டு விட்டாவது ஓடுதே, அண்ணி! சிலிண்டர் முள்ளு சிவப்புல நிக்குது."

"இப்படியே ஓடினா தீப்பிடிக்கும். மாட்டு."

"சண்டைய... அப்புறம் வெச்சுக்குங்க," என்றான் கணவன், மூச்சுக்கு மூச்சு நிறுத்தி. "ரெண்டு பேரும்... என் காத்தையும் சேத்து இழுக்கறீங்க."

நாத்தனார் இயந்திரத்தை நிறுத்திச் சிலிண்டரை மாட்ட, இவள் நெகட்டிவ் கம்பியை முதலில் கழற்றி, துணியைச் சுற்றி ஒதுக்கினாள். பாசிட்டிவ் போல்ட்டில் ஸ்பானரை வைத்தாள். கல்லாக இறுகியிருந்தது. ஆனால் துணியால் பிடித்து அசைத்தபோது, அதற்குக் கீழே இருந்த வளையம் சுழன்றது. இறுக்கமும் தளர்ச்சியும் ஒரே இடத்தில் இருக்கக் கண்டு அவள் கை ஒரு கணம் நின்றது.

போல்டைக் கழற்றிப் பார்த்தாள். நுனி நசுங்கியிருந்தது. பழையதைவிட இது நீளம். பேட்டரியில் போல்ட் இறங்கும் குழியின் அடியில் போய் முட்டிக்கொண்டது. அவள் கை உணர்ந்த இறுக்கம் அடியில் இருந்தது. மேலே வளையத்தை எதுவும் பிடித்திருக்கவில்லை. கை பொய் சொல்லவில்லை. போல்ட் இறுகியதா என்று கேட்டாள், வளையம் இறுகியதா என்று கேட்கவில்லை; கேள்விதான் தப்பு.

"சாப்பாட்டு மேசைக் காலை மடக்கி, அதுல இருக்கிற வாஷருங்களைக் கழட்டிக் குடு. உன் நக அரத்தையும் குடு."

"என்னோட நக அரமா?"

"அழகு அப்புறம் பாத்துக்கலாம், குடும்மா!"

வளையத்தின் கருகிய பரப்பை அரத்தால் தேய்த்து மினுக்கினாள். சிலிண்டரின் சீறல் மெலிந்தது. கணவன் தோள்கள் ஏறி இறங்கின. கண்கள் அவளை விட்டு நகரவில்லை. நாத்தனார் அவன் முதுகைத் தடவியபடி முள்ளைப் பார்ப்பதை நிறுத்திவிட்டாள். இவள் வளையத்தை வைத்து, அதன் மேல் வாஷர்களை அடுக்கி, போல்டைத் திருகினாள். இப்போது நுனி அடியைத் தொடும் முன்னாலேயே இறுக்கம் வந்தது. வளையத்தைப் பிடித்து இழுத்தாள். அசையவில்லை. கடைசியாக நெகட்டிவைப் பூட்டினாள்.

இயந்திரம் நீளமாக ஒருமுறை கூவியது. பிறகு ஒரே சீராக உறுமத் தொடங்கியது. நாத்தனார் குழாயை மாற்றி மாட்டினாள்.

உதட்டில் நிறம் திரும்ப வெகுநேரம் ஆனது. பேச முடிந்ததும் அவன் கேட்டான்:

"இழுத்துப் பாத்தியா?"

"பாத்தேன்."

"இன்னொரு தடவ பாரு."

அவள் வேலையைப் பற்றி அவன் இதுவரை இப்படிக் கேட்டதில்லை. பலகைக்கு அடியில் மறுபடி கையை விட்டாள்.