என்னை மறுபடி ஓட்டுநர் இருக்கையில் உட்கார வைத்தவர்

அன்று காலை கூட்டேரிப்பட்டு நிறுத்தத்தில் ஏறிய செவிலியர், வழக்கம்போல் உள்ளே போய் உட்காராமல் என் இருக்கைக்குப் பக்கத்தில் வந்து நின்றார். விழுப்புரம் அரசு மருத்துவமனையில் வேலை பார்ப்பவர், தினமும் என் பேருந்தில் வருகிறவர்.

"இன்னாம்மா, சீட்டு இல்லையா?" என்று கேட்டேன்.

"இருக்கு சார். வண்டியை ஸ்டாண்டுல உட்டதும் உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றார்.

அவர் முகத்தைப் பார்த்த பிறகு நான் மேலே கேட்கவில்லை. விக்கிரவாண்டியைத் தாண்டி விழுப்புரம் போய்ச் சேரும்வரை அங்கேயே நின்று வந்தார். கடைசிப் பயணி இறங்கியதும் சொன்னார்: "செல்வராணி மேடம் காலையில தவறிட்டாங்க சார்."

ஓட்டிக்கொண்டிருப்பவனிடம் சொல்ல வேண்டிய செய்தி இல்லை என்று அவ்வளவு தூரம் அதைச் சுமந்துகொண்டு நின்றிருக்கிறார் அந்தப் பெண். திண்டிவனத்துக்குத் திரும்பி ஓட்ட எனக்கு இருபது நிமிடம் இருந்தது. இறங்கி, பேருந்து நிலையத்தை இரண்டு சுற்று நடந்துவிட்டு ஏறினேன்.

செல்வராணி மேடம் அந்த மருத்துவமனையில் பிசியோதெரபிஸ்ட். வயது நாற்பத்து நான்கு. திண்டிவனத்தில் வீடு. அவரிடம் சிகிச்சை பெற்றவர்கள் இதைப் படித்தால், குள்ளமான அந்த உருவமும், நடைவழியின் அந்தக் கோடியிலிருந்தே நம்முடைய நடையைக் கவனிக்கும் அந்தப் பார்வையும் நினைவுக்கு வரும். நான் மருத்துவம் படித்தவன் இல்லை, எழுதிப் பழகியவனும் இல்லை. இருபத்திரண்டு வருடமாகப் பேருந்து ஓட்டுகிறேன். அவர் எனக்குச் செய்ததை நான்தான் சொல்ல வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

இடுப்புக்குக் கீழே பிடித்துக்கொண்ட வலி, இடது தொடை வழியாகக் குதிகால்வரை மின்சாரம் பாய்ந்ததுபோல இறங்கும். ஒரு வருடம் அதை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன். எண்ணெய் தேய்த்தேன், பெல்ட் கட்டினேன், கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு பணிக்குப் போனேன். சொன்னால் ஓட்டுநர் வேலை போய்விடும் என்ற பயம். ஒரு நாள் விக்கிரவாண்டிக்கு முன்னால் கிளட்ச்சை மிதிக்கக் காலைத் தூக்கினேன். கால் வரவில்லை. எப்படியோ ஓரம் கட்டி நிறுத்திவிட்டேன். இறங்க முடியவில்லை. நடத்துநர் குமாரும் இரண்டு பயணிகளும் என்னைத் தூக்கி இறக்கினார்கள். வண்டியில் ஐம்பது பேர் இருந்தார்கள். சாலையோரம் படுத்தபடி அவர்கள் கால்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஸ்கேன் எடுத்துப் பார்த்த மருத்துவர், இடுப்பில் ஒரு டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்துகிறது, உடனே அறுவை சிகிச்சை செய்ய வேண்டிய நிலை இல்லை, முதலில் பயிற்சி செய்து பார்க்கலாம் என்று சொல்லி மேடத்திடம் அனுப்பினார். என் மனைவி தனலட்சுமியின் தோளைப் பிடித்துக்கொண்டு போனேன். மேடம் கால் விரல்களை ஒவ்வொன்றாக அசைக்கச் சொன்னார். உணர்ச்சி இருக்கிறதா, சிறுநீர் தடையில்லாமல் போகிறதா என்று கேட்டார். பிறகு எத்தனை நாளாக வலி என்றார். ஒரு வருடம் என்றேன்.

"மாத்திரையைப் போட்டுக்கினு அம்பது பேரை ஏத்திக்கினு போனீங்களா?"

ஆமாம் என்றேன்.

"நானும் அந்த வண்டியிலதான் வந்துக்கினு இருந்தேன் ஏழுமலை அண்ணே" என்றார். குரலை உயர்த்தவில்லை. அவர் திட்டியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு உறைத்திருக்காது. பல வருடமாகத் தினமும் என் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து வந்தவரை நான் ஒரு நாளும் கவனித்ததில்லை.

மூன்று வாரம் படுக்கையில் கிடந்தால் சரியாகிவிடும் என்று எல்லோரும் சொல்லியிருந்தார்கள். மேடம் முதல் நாளே அதை நிறுத்தினார். "வலிக்குது, ஒத்துக்கறேன். ஆனா வலி வேற, ஆபத்து வேற. இப்ப உங்களுக்கு இருக்கறது வலி" என்றார். அன்று நான் நடந்தது அறைக் கதவிலிருந்து தண்ணீர்க் குழாய்வரை. அதற்கே வியர்த்து ஊற்றியது. குப்புறப் படுத்து, முழங்கையை ஊன்றி, மார்பை மட்டும் மெல்ல உயர்த்த வேண்டும். இரண்டு மணிக்கொரு முறை பத்துத் தடவை. வீட்டில் தனலட்சுமி கடிகாரத்தைப் பார்த்து எழுப்புவாள். முதல் வாரம் ஒன்றும் தெரியவில்லை. மூன்றாவது வாரம் குதிகாலில் இருந்த வலி முழங்காலுக்கு மேலே ஏறியது. பயந்துபோய் மேடத்திடம் போனேன். மேடம் முகத்தில் முதல் தடவையாகச் சிரிப்பைப் பார்த்தேன். "கால்ல இருந்து இடுப்புக்குத் திரும்பிப் போவுது. அதுதான் நல்ல வழி" என்றார்.

இரண்டாவது மாதம் நான் ஒரு முட்டாள்தனம் செய்தேன். பெருமுக்கல்லில் இருந்து மைத்துனர் ஒரு மூட்டை மல்லாட்டை, வேர்க்கடலையைத்தான் அப்படிச் சொல்வோம், கொண்டுவந்து இறக்கினார். உடம்பு தேறிவிட்டது என்ற தெம்பில் அதைக் குனிந்து தூக்கினேன். இடுப்பில் ஏதோ முறிந்ததுபோல இருந்தது, அப்படியே மூட்டையின் மேல் சாய்ந்தேன். தனலட்சுமி அழுதுகொண்டே, "யாரு உங்களை எடுக்கச் சொன்னது? இத்தனை நாள் பட்டதெல்லாம் போச்சே" என்றாள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. மேடத்தின் முகத்தில் விழிக்கவே வெட்கமாக இருந்தது. இரண்டு நாள் போகவில்லை. மூன்றாம் நாள் அவரே தொலைபேசியில் அழைத்தார்.

"ஏன் வரல?"

சொன்னேன்.

"ஒரு நாள் கெட்டுதுன்னா ஒரு நாள்தான் கெட்டுது. மாசம் முழுக்கக் கெட்டுதுன்னு யாரு சொன்னது? நாளைக்கு வாங்க. அந்தத் தண்ணிக் குழாய் வரைக்கும் நடங்க, பார்க்கலாம்."

மறுநாள் போனேன். குழாயையும் தாண்டி, படிக்கட்டுவரை நடந்தேன். ஒரு வாரத்தில் விட்ட இடத்துக்கு வந்து சேர்ந்தேன்.

இதற்குள் என்னை அலுவலகப் பணிக்கு மாற்றிவிடலாம் என்ற பேச்சு பணிமனையில் தொடங்கியிருந்தது. மேடத்திடம் சொன்னேன். "நீங்க தினமும் உட்கார்ற சீட்டு எப்படி இருக்கும்?" என்று கேட்டார். சொல்லத் தெரியவில்லை. தன் விடுமுறை நாளில் பணிமனைக்கே வந்துவிட்டார். கிளை மேலாளரிடம் அனுமதி கேட்டு, நான் ஓட்டும் பேருந்தில் ஏறி ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தார். கால் கிளட்ச்சுக்கு எட்டவில்லை. கீழே நின்ற மெக்கானிக்குகள் சிரித்தார்கள். அவர் இறங்கவில்லை. பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தார்.

"சார், பஞ்சு ஒரு பக்கம் உள்ள போயிருக்கு. இந்தக் கொஞ்ச நேரத்துக்கே நான் இடது பக்கம் சாயறேன். இவரு எட்டு மணி நேரம் உட்கார்றாரு" என்றார் மேலாளரிடம்.

"இவர் ஒருத்தருக்கு மாத்தினா எல்லாரும் கேப்பாங்க மேடம்."

"கேக்கட்டும் சார். எல்லாருக்கும் முதுகு இருக்கே."

மேலாளர் உள்ளே போய்விட்டார். ஆனால் அந்த வாரமே இருக்கையின் பஞ்சை மாற்றினார்கள், முன்னும் பின்னும் நகர்த்தும் தண்டவாளத்தையும் சரிசெய்தார்கள். பிறகு மற்ற வண்டிகளுக்கும் ஒவ்வொன்றாக நடந்தது.

மறுபடி வண்டி ஓட்டுவதற்கான தகுதிப் பரிசோதனைக்கு முன்தினம் மேடம் என்னை நாற்காலியில் உட்காரவைத்து, தன் இரண்டு உள்ளங்கைகளையும் என் இடது பாதத்தில் வைத்தார். "தள்ளுங்க" என்றார். தயங்கினேன். "நாளைக்குக் கிளட்ச் உங்களைப் பார்த்துப் பாவப்படாது. தள்ளுங்க." தள்ளினேன். சுவர்வரை பின்னால் போனார். மறுநாள் தேர்ச்சி பெற்றேன். ஐந்து மாதம் கழித்து நான் ஓட்டிய முதல் நடையில், திண்டிவனத்தில் ஏறி, எனக்குப் பின்னால் இருந்த முதல் இருக்கையில் உட்கார்ந்து வந்தார். விழுப்புரத்தில் இறங்கும்போது, "மதியம் நடந்தீங்களான்னு கேப்பேன்" என்றார்.

போன வருடம் அவருக்கு மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்தது. வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். தலையில் துணி சுற்றியிருந்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு சமையலறையிலிருந்து வாசல்வரை நடந்துகொண்டிருந்தார். வாசலுக்கு வந்து சேரும்வரை என்னை நிற்க வைத்துவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

"வலிக்குதா மேடம்?" என்று கேட்டுவிட்டேன்.

"வலிக்குது அண்ணே. இது உங்க வலி மாதிரி இல்லை, நடந்தா போவாது. ஆனா நடக்க முடியிற அன்னிக்கு நடந்துடணும்."

பிறகு, "வெயிட்டு தூக்கறீங்களா?" என்று விசாரித்தார். இல்லை என்றேன். "பழகினப்புறம் தூக்கலாம். பயந்துக்கினே இருக்காதீங்க" என்றார். அவர் வாயிலிருந்து நான் கடைசியாகக் கேட்ட வார்த்தை அது.

அவரிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பது பயிற்சிகள் மட்டுமல்ல. வலிக்கிறது என்று வாய்விட்டுச் சொல்ல வெட்கப்பட வேண்டியதில்லை என்ற துணிச்சல் தங்கியிருக்கிறது. அடுத்தவர் நடையைப் பார்க்கும் பழக்கமும் வந்திருக்கிறது. போன வாரம் எங்கள் பணிமனையில் வல்லத்துக்காரர் பாஸ்கர், வண்டியிலிருந்து இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒருக்களித்து இறங்கினார். என்னவென்று கேட்டேன்.

"ஒண்ணும் இல்லண்ணே. உடம்பு சூடு" என்றார்.

"எத்தனை மாசமா சூடு?"

சட்டைப் பையைத் தொட்டுக்கொண்டார். உள்ளே மாத்திரை அட்டை தெரிந்தது.

வியாழக்கிழமை எனக்கு வார ஓய்வு. பாஸ்கரை அன்றைக்கு விடுப்பு எழுதிக் கொடுக்க வைத்துவிட்டேன். மேடம் இருந்த அறையில் இப்போது யார் இருக்கிறார்கள் என்று தெரியவில்லை. யாராக இருந்தாலும், காலை எட்டு மணிக்கு நாங்கள் இருவரும் அந்தக் கதவுக்கு முன்னால் நிற்போம்.