வெறும்வயிறு சிஸ்டர்

காலை ஆறேகாலுக்கு ஒவ்வொரு தலையணையாகத் தூக்கிப் பார்த்துக்கொண்டே வருகிறார். மூன்றாம் கட்டிலில் தலையணைக்கு அடியில் இரண்டு பிஸ்கட். நோயாளியை அவர் ஏறிட்டும் பார்ப்பதில்லை. பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கும் மனைவியைத்தான் பார்க்கிறார். "பாக்கெட்ல மொத்தம் எத்தனை இருந்துச்சு?" என்று கேட்கிறார். அந்த அம்மாள் விரல் விட்டு எண்ணத் தொடங்குகிறார். எண்ணி முடிக்கும்வரை சிஸ்டர் அசையாமல் நிற்கிறார். கணக்கில் ஒரு பிஸ்கட் உதைத்தால் அன்றைய ஆபரேஷன் தள்ளிப்போகும். அந்த அம்மாளுக்குக் கிடைக்கிற அர்ச்சனை மாடிப்படி வரைக்கும் கேட்கும்.

அறுவை சிகிச்சை வார்டின் தலைமை நர்ஸ் அவர். வயது ஐம்பத்தொன்று, இந்த வேலையில் இருபத்தாறு வருடம். ஆபரேஷனுக்கு முந்தைய இரவிலிருந்து நோயாளியின் வாயில் பச்சைத் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்வதை அவர் தன் சொந்தப் பொறுப்பாக எடுத்துக்கொண்டவர். அதனால் வார்டில் அவருக்கு 'வெறும்வயிறு சிஸ்டர்' என்று பெயர். பெயர் வைத்தது யார் என்று அவருக்குத் தெரியும். அந்த வார்டு பாய்க்கு மூன்று மாதம் தொடர்ந்து ஞாயிற்றுக்கிழமை டூட்டி போட்டுப் பழிதீர்த்தார்.

அவருடைய கோபம் காரணமில்லாத கோபம் அல்ல. வேலைக்குச் சேர்ந்த புதிதில், பல் தேய்க்கப் போன இடத்தில் ஒளிந்து டீ குடித்துவிட்டு வந்த ஒரு இளைஞன், மயக்க மருந்தில் வாந்தியெடுத்து, அது நுரையீரலுக்குள் போய், பதினோரு நாள் கிடந்து செத்துப்போனான். அந்த டீயை வாங்கிக் கொடுத்த அண்ணன்காரன் வராந்தாவில் நின்று "எனக்குத் தெரியாது சிஸ்டர்" என்று சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தான். அன்றிலிருந்து அந்த ஒரு வார்த்தையை மட்டும் அவரால் பொறுத்துக்கொள்ள முடிவதில்லை. யாராவது வாயெடுத்தால் போதும், "தெரியாதுன்னா ஆச்சா? படிக்கத்தானே பேப்பர் குடுத்தோம்?" என்று பிடித்துக்கொள்வார்.

வீட்டில் அவரும் தங்கையும்தான். சிஸ்டரின் கணவர் இறந்து பல வருடம் ஆகிறது. தங்கை, புருஷன் வீட்டிலிருந்து ஒரே ஒரு பெட்டியோடு திரும்பி வந்து ஏழு வருடம். பள்ளிக்கூட அலுவலகத்தில் தட்டச்சு வேலை. அதிர்ந்து பேசமாட்டாள். வீட்டில் இருக்கிற சத்தமெல்லாம் அக்காவுடையது. வந்த புதிதில் தங்கை சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பாள். இரண்டு வருடத்துக்கு முன்னால் அவளுடன் வேலை பார்க்கும் ஒருத்தி ஒரு அட்டைப்பெட்டியில் முயல்குட்டியைக் கொண்டுவந்து கொடுத்த பிறகுதான் அவள் சிரித்தாள். பழுப்பு நிறம், ஒரு காது மட்டும் மடங்கித் தொங்கும். தலைமையாசிரியை மாதிரி அசையாமல் உட்கார்ந்து ஆளை அளந்து பார்ப்பதால் அதற்கு 'மேடம்' என்று பெயர் வைத்தாள். வேலை முடிந்து வந்தால் செருப்பைக் கழற்றும்போதே "மேடம் என்ன பண்றாங்க?" என்பாள். அன்றைக்கு அவள் பேசும் முதல் முழு வாக்கியம் அநேகமாக அதுவாகத்தான் இருக்கும்.

மேடத்துக்குக் கர்ப்பப்பையை எடுத்துவிட வேண்டும் என்று நின்றது அக்காதான். பெண் முயல்களுக்கு வயதானால் அதில் கட்டி வரும் என்று மிருக டாக்டர் ஒருமுறை சொல்லிவிட்டார். கட்டி என்ற சொல்லைக் கேட்டபின் சிஸ்டரைப் பிடித்து நிறுத்த யாராலும் முடியாது. தங்கை பயந்தாள். அக்கா நாள் குறித்துவிட்டு வந்தார். கிளினிக்கில் கொடுத்த பேப்பரை நான்காக மடித்துக் கைப்பைக்குள் போட்டார். பிரித்துப் படிக்கவில்லை.

ஆபரேஷனுக்கு முந்தைய மாலை ஏழு மணிக்குக் கூண்டிலிருந்து புல்லையும் தண்ணீர்க் குப்பியையும் எடுத்தார். ஒட்டிக்கொண்டிருந்த துரும்பைக்கூட ஈரத்துணியால் துடைத்தார். டாக்டர் சாப்பாடு கொண்டுவரச் சொன்னதாக ஞாபகம் என்று தங்கை மெதுவாக இழுத்தாள்.

"அது முடிஞ்சப்புறம் குடுக்கறதுக்குடி. இருபத்தாறு வருஷமா ஆபரேஷன் தியேட்டருக்கு ஆள் அனுப்பறேன். எனக்கே நீ பாடம் எடுக்கறியா?"

மேடம் காலியான தட்டைப் பல்லால் கவ்வித் தூக்கித் தூக்கிப் போட்டது. அந்தச் சத்தம் வெகுநேரம் கேட்டது.

மறுநாள் கிளினிக்கில் டாக்டர், காலையில் என்ன சாப்பிட்டது என்று கேட்டார். சிஸ்டர் நிமிர்ந்து நின்று, டூட்டி மாறும்போது ஒப்படைக்கிற குரலில், நேற்று ஏழு மணியிலிருந்து எதுவும் தரவில்லை, தண்ணீர்கூட இல்லை என்றார். பாராட்டை எதிர்பார்த்தார் என்றுகூடச் சொல்லலாம். டாக்டர் சின்னப் பையன். எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்தார்.

"முயலைப் பட்டினி போடக்கூடாதும்மா. அதுக்கு வாந்தியே வராது. அதோட குடல் எப்பவும் ஓடிட்டே இருக்கணும். ஒரு தடவை நின்னுடுச்சுன்னா மறுபடி ஓட வைக்கிறது கஷ்டம். பேப்பர்ல மூணாவது வரியிலயே போட்டிருக்கோமே."

சிஸ்டர் பையிலிருந்து பேப்பரை எடுத்துப் பிரித்தார். மூன்றாவது வரி. தடித்த எழுத்தில், அடிக்கோடு வேறு. தங்கையும் எட்டிப் படித்தாள். படித்துவிட்டு அக்காவைப் பார்த்தாள்.

டாக்டர் முயலுக்குப் புல் கொடுத்துக் காத்திருந்து மத்தியானத்துக்கு மேல் ஆபரேஷன் செய்தார். அது நல்லபடியாகவே முடிந்தது. ஆனால் வீட்டுக்கு வந்த மேடம் கூண்டின் மூலையில் முதுகைக் கூனிக்கொண்டு உட்கார்ந்தது. கண்ணைப் பாதி மூடிப் பல்லை நறநறவென்று கடித்தது. புல்லை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. புழுக்கையும் போடவில்லை. முயல் பிழைக்குமா என்பது புழுக்கையில்தான் தெரியும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். கூண்டில் விரித்த வெள்ளைத்துணி விடிந்தபோதும் வெள்ளையாகவே இருந்தது.

சிஸ்டரின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. பேப்பரை அவ்வளவு பொடி எழுத்திலா அடிப்பார்கள் என்று கேட்டார். அது பொடி எழுத்தில்லை. அந்தப் பொடிப்பயலுக்கு யார் டாக்டர் பட்டம் கொடுத்தது என்று கேட்டார். பால்காரரின் மணியை, பக்கத்து வீட்டு மிக்ஸியை, மூடாத குழாயை, எல்லாவற்றையும் வைதார். தங்கை எதற்கும் பதில் சொல்லவில்லை. அழவும் இல்லை. அதுதான் சிஸ்டருக்குத் தாங்கவில்லை. அவருக்கு இருந்த கோபம் முழுக்கத் தன்மேல். பற்றிக்கொண்டு எரிகிற கோபம். அதைத் தன்மேல் காட்டுவது எப்படி என்று தெரியாததால் கண்ணில் பட்டவர்களுக்கெல்லாம் பங்கு வைத்தார்.

காலை எட்டு மணிக்குக் கிளினிக்குக்குப் போன் செய்தார். எடுத்த பெண், கடைசியாக எப்போது புழுக்கை போட்டது, எத்தனை, என்ன அளவு என்று சரமாரியாகக் கேட்டாள். ஆபரேஷனுக்கு முந்தைய நாள் பட்டினி போட்டதைச் சொன்னதும் அவள் குரல் மாறியது.

"பேப்பர் குடுத்தோமே, படிக்கலையா?"

அந்தக் கேள்வியை அவர் எத்தனை ஆயிரம் பேரிடம் கேட்டிருப்பார். மறுமுனையில் நின்று அதைக் கேட்க நேர்ந்தது இதுதான் முதல் தடவை. தெரியாது என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. அதை விழுங்கினார். "படிக்கல" என்றார்.

உடனே தூக்கிக்கொண்டு ஓடினார்கள். டாக்டர் குடலுக்கு ஒரு ஊசியும், வலிக்கு ஒரு ஊசியும் போட்டு, தோலுக்கடியில் மருந்துநீர் ஏற்றினார். இரண்டு மணிக்கொரு தடவை கூழ் ஊட்டச் சொன்னார். இன்றைக்குச் சாயங்காலத்துக்குள் புழுக்கை வராவிட்டால், என்று தொடங்கி மிச்சத்தைச் சொல்லாமல் விட்டார். தங்கை பள்ளிக்கூடத்துக்குப் போயாக வேண்டிய நாள். பரீட்சைக் கேள்வித்தாள் இருக்கும் அலமாரியின் சாவி அவளிடம்தான் இருந்தது. வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தவளின் முதுகைப் பார்த்து அக்கா சொன்னார்:

"ஒரு வார்த்தை திட்டித் தொலையேன்டி."

தங்கை கேட்டைச் சாத்திக்கொண்டு போனாள்.

சிஸ்டர் லீவு போட்டார். முயலைத் துண்டில் சுற்றி மடியில் வைத்து, ஊசி கழற்றிய சிரிஞ்சை முன்பல்லுக்குப் பின்னால் இருக்கிற சந்தில் நுழைத்து, சொட்டுச் சொட்டாகக் கூழை விட்டார். மேடம் பாதியை அவர் மார்பிலேயே துப்பியது. "முழுங்கு. எங்கிட்ட நடிக்காத. உன்னை மாதிரி எத்தனை பேரைப் பாத்திருக்கேன்" என்று அதட்டினார். வெந்நீர்ப் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் அணைத்து வைத்தார். வயிற்றுத் தையலைப் பார்த்தார். சிவப்பில்லை, கசிவில்லை. "தையல் மட்டும் ஒழுங்காப் போட்டிருக்கான்" என்றார், வேண்டாவெறுப்பாக. வார்டிலிருந்து மருந்தலமாரிச் சாவி எங்கே என்று போன் வந்தது. சாவி இருக்கிற இடத்தைச் சொல்வதற்கு முன்னால், அது இருக்கிற இடம் தெரியாதவர்கள் எப்படி நர்ஸ் ஆனார்கள் என்று இரண்டு நிமிடம் சொன்னார். உடம்பு சரியில்லையா சிஸ்டர் என்று அந்தப் பெண் பயந்துகொண்டே கேட்டாள். "வீட்ல பேஷண்ட்" என்று வைத்துவிட்டார்.

மணிக்கொரு தடவை தரையில் குப்புறப் படுத்து, ஸ்டெதஸ்கோப்பை முயலின் விலாவுக்குக் கீழே வைத்துக் கேட்டார். பத்து மணிக்கு ஒன்றுமில்லை. பதினொன்றுக்கும் ஒன்றுமில்லை. நல்ல ஜீவனை என் திமிரால் கொன்றுவிட்டேன் என்று நினைத்தார். நினைத்ததை வாய்விட்டும் சொன்னார். கேட்க மேடம் மட்டும்தான் இருந்தது. பன்னிரண்டு மணிக்குமேல் உள்ளே எங்கோ மெலிதாகக் களக் என்றது. மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார். மறுபடியும் களக் என்றது.

ஒன்று நாற்பதுக்கு வெள்ளைத்துணியில் மிளகு மாதிரி சின்னதாக, காய்ந்துபோய், ஏழு கிடந்தன. சிஸ்டர் முட்டிபோட்டு எண்ணினார். "இதுக்கு இத்தனை அழும்பா?" என்று மேடத்திடம் கேட்டார். மேடம் ஒரு கொத்தமல்லித் தண்டை இழுத்து, அதுபாட்டுக்கு மெல்ல ஆரம்பித்தது. அதைக் கடைசி இலைவரை நின்று பார்த்தார்.

தங்கைக்குப் போன் செய்திருக்கலாம். எடுத்தார், எண்ணை அழுத்தினார், மணி அடிப்பதற்குள் வைத்துவிட்டார். புழுக்கை வந்த செய்தியைச் சொல்லிவிடலாம். அதோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய இன்னொன்று அவர் வாயில் வராது. இத்தனை வயதில் யாரிடமும் சொல்லிப் பழகாதது. பீரோவிலிருந்து மூடி போட்ட சின்னப் பரிசோதனை டப்பா ஒன்றை எடுத்து, ஏழையும் அதில் போட்டு மூடினார். வெள்ளைப் பிளாஸ்திரியை நீளமாக வெட்டி ஒட்டி, பேனாவால் எழுதினார். கூழ் காய்ந்த சேலையை மாற்றத் தோன்றவில்லை. அப்படியே பஸ் ஏறினார்.

பள்ளிக்கூடத்துக் காவலாளி யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார். சிஸ்டர் பார்த்த பார்வையில் அவரே வழிவிட்டார். அலுவலக அறையில் தங்கை கேள்வித்தாள் கட்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள். அக்காவைக் கண்டதும் முகம் வெளுத்து எழுந்தாள். சிஸ்டர் டப்பாவை மேஜைமேல் டக்கென்று வைத்தார்.

தங்கை அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். உதடு அசைய எண்ணினாள். பிறகு பிளாஸ்திரியைப் படித்தாள். மேடம், வயது இரண்டு. மதியம் 1.40. எண்ணிக்கை ஏழு. அதற்குக் கீழே, அதே மருத்துவமனைக் கையெழுத்தில், 'பட்டினி போட்டது நான். பேப்பர் படிக்கவில்லை' என்று இருந்தது. சிஸ்டர் சுவரில் மாட்டியிருந்த வகுப்பு அட்டவணையை முறைத்துக்கொண்டு நின்றார். வார்டில் தவறு செய்கிறவர்கள் அதை எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது அவர் வைத்திருக்கும் சட்டம். கையெழுத்தில்லாத அறிக்கையை முகத்தில் விட்டெறிவார். வீட்டுக்கு வந்து அந்தக் கதைகளை அவர் சொல்லிச் சொல்லித் தங்கைக்கு எல்லாம் மனப்பாடம்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, டப்பாவை அக்கா பக்கம் நகர்த்தி, தன் பேனாவை நீட்டினாள்.

"கையெழுத்து போடலையேக்கா."

சிஸ்டர் அவள் கையிலிருந்த பேனாவை வெடுக்கென்று பிடுங்கினார். மேஜைமேல் குனிந்து, முதலெழுத்தோடு நிறுத்தாமல், தன் முழுப்பெயரையும் பிளாஸ்திரி கிழிகிற அளவுக்கு அழுத்தி எழுதினார்.