ஆளில்லாமல் கரைக்கு வந்த பலகை

வளைகுடாவிலிருந்து என் கணவர் திரும்பியபோது தங்கம் கொண்டுவரவில்லை, ஒரு பைத்தியத்தைக் கொண்டுவந்தார். அங்கே கடற்கரை ஹோட்டல் ஒன்றில் வேலை. விருந்தாளிகள் நின்றபடி துடுப்புப் போட்டுப் போகும் பலகைகளைக் கழுவி அடுக்கிவைக்க வேண்டும். கழுவியவர் சும்மா இராமல் ஏறி நிற்கவும் பழகிவிட்டார். அந்தக் கடல் குளம் மாதிரிக் கிடக்குமாம். எங்கள் கடல் அப்படியா? ஆனி ஆடியில் அது போடுகிற சத்தத்தில் அடுக்களைப் பாத்திரம் அதிரும். அதில் பலகைமேல் நின்று அலையேறி வரப்போகிறேன் என்றார்.

கோவளத்தில் பலகை வாடகைக்கு விடும் அவருடைய கூட்டாளி, டெம்போவில் இரண்டு பலகை அனுப்பினார். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைச் சாயங்காலம் திருப்பி அனுப்ப வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் இரண்டையும் மணலில் போட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"நீயே சொல்லுட்டி, எது வேணும்?"

ஒன்று எங்கள் வாசல் கதவைவிட நீளம், கட்டில் போல அகலம். மற்றது குட்டை, முனை கூர்ந்து மெலிந்து கிடந்தது. எனக்குச் சந்தேகமே இல்லை. அகலமானதில் மனிதன் விழமாட்டான்.

"பெரிசு போதும்."

"பெரிசு நிக்கதுக்குச் சுகம். ஆனா அலைக்குள்ள திருப்பினா திரும்பாது. சின்னதுன்னா சட்டுனு திரும்பும்."

"நீங்க ஒண்ணும் திரும்ப வேண்டாம். விழாம நிண்ணா போதும்."

அவர் கேட்கவில்லை. முதலில் சின்னதை எடுத்துக்கொண்டு இறங்கினார். ஏறுவதும் விழுவதுமாக இருந்தார். ஒவ்வொரு தடவையும் எனக்கு உயிர் போய் வந்தது. ஆனால் விழுந்த மறுநிமிடம் எட்டிப் பலகையைப் பிடித்து அதன்மேல் கவிழ்ந்து கிடப்பார். கடல் சுவரோரம் வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள், "துபாய்க்காரன் நல்லா உப்புத்தண்ணி குடிக்கான்" என்று சிரித்தார்கள். அவர்கள்மேலும் கோபம் வந்தது, இவர்மேலும் வந்தது.

பிறகு பெரியது. சின்னதில் இருந்தது போலவே அதன் வாலிலும் காலோடு சேர்த்துக் கட்ட ஒரு கயிறு இருந்தது. அவர் இதையும் சுருட்டி ஒதுக்கிவிட்டார்.

"காலைக் கெட்டிட்டு எவனாவது கடலுக்குப் போவானா?"

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. கட்டுமரக்காரன் மகள்தானே நான். மரம் கவிழ்ந்தால் கட்டுப்பட்டவனும் அதோடு போவான் என்று கேட்டு வளர்ந்தவள்.

பெரியதில் அழகாக நின்றார். முதுகு நிமிர்ந்து, துடுப்பை ஊன்றி ஊன்றி அலைகளைத் தாண்டிப் போனார். அப்பாடா என்று நான் மூச்சு விட்டேன். கரையைப் பார்த்து அவர் திரும்பி வரத் தொடங்கியபோதுதான் பின்னால் ஒரு அலை எழும்பியது. அவர் திருப்பினார், பலகை திரும்பவில்லை. அப்புறம் நுரை மட்டும்தான் தெரிந்தது.

நுரைக்குள்ளிருந்து பலகை வெளியே வந்தது. கோணாமல், கவிழாமல் நேராகக் கரைக்கு வந்து என் காலடியில் நின்றது. அதில் ஆள் இல்லை.

என் அண்ணனின் கட்டுமரமும் இப்படித்தான் வந்தது. சுனாமிக்கு முந்தின ஆடி மாதம், ஒரு கீறல்கூட இல்லாமல் தானாக வந்து ஒதுங்கியது. அண்ணன் வரவேயில்லை. மரத்தைப் பார்த்ததும் ஆள் வந்துவிட்டான் என்றுதான் அம்மா சோறு எடுத்து வைத்தாள்.

மாதாவே, மாதாவே என்று உள்ளுக்குள் மட்டும் ஓடியது. நுரையையே பார்த்துக்கொண்டு நின்றேன். அதற்குள் எத்தனையோ தடவை விதவையாகிவிட்டேன்.

கொஞ்சம் தள்ளி ஒரு தலை தெரிந்தது. இருமிக்கொண்டும் சிரித்துக்கொண்டும் நடந்து வந்தார்.

"பாத்தியாட்டி, நல்ல பலகையாக்கும். தானா கரைக்கு வந்துட்டு."

"இது வேண்டாம்."

"நீதானே பெரிசு வேணும்னு சொன்ன?"

"ஆளை விட்டுட்டு ஒத்தைக்கு வீட்டுக்கு வரத் தெரிஞ்சது எனக்கு வேண்டாம்."

அவருடைய சிரிப்பு நின்றது. அண்ணனைத் தேடிப் போன வள்ளங்களில் ஒன்றில் அவரும் இருந்தார். சின்னதை எடுத்தார். நான் ஈரமணலில் முட்டுக்குத்தி உட்கார்ந்து, அதன் வால் கயிற்றை அவர் கணுக்காலில் சுற்றி இறுக்கினேன்.

"விடுட்டி, ஆளுவ பாக்காவ."

"பாக்கட்டு."

"இதில நாள் பூரா விழுந்துட்டேதான் கெடப்பேன்."

"விழுங்க," என்றேன். "வரும்போது ரெண்டும் சேந்து வரணும்."